மவுஸ் வைத்தால் தெரியும் குறிப்பு, செல்போனில் ஏன் தெரிவதில்லை?

செல்போனில் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது, சில கட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஆங்கில 'ஐ' எழுத்தோ, ஒரு கேள்விக்குறியோ இருக்கும். நம்மில் பலர் அதை அலங்காரம் என்று நினைத்து அப்படியே தாண்டிப் போய்விடுகிறோம். அந்த வட்டத்துக்குள் ஒரு முழு வாக்கியம் ஒளிந்திருக்கலாம். சில நேரம், உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படுமா இல்லையா என்பதையே அந்த வாக்கியம்தான் முடிவு செய்யும்.

ஒரு கல்லூரிச் சேர்க்கை நேரம். எங்கள் தெருவில் இருக்கிற அக்கா ஒருவர் மகளுக்காக செல்போனிலேயே ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எந்தப் படிவம் என்பது இங்கே வேண்டாம், இந்தக் குறை பல படிவங்களில் உண்டு. பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் முடிந்துவிட்டது. போட்டோ மட்டும் ஏறவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வந்து, "தம்பி, இது வாங்கவே மாட்டேங்குது, என்னன்னு பாரு" என்றார். திரையில் சிவப்பு எழுத்தில் 'செல்லாத கோப்பு' என்று மட்டும் இருந்தது. மறுநாள் கடைசி நாள். ஐந்து தடவை வேறு வேறு போட்டோ எடுத்துப் பார்த்திருக்கிறார். மகளை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்ததும் அதில் ஒன்று.

நான் படித்தது இதழியல். கம்ப்யூட்டர் விஷயத்தில் பெரிய ஆள் இல்லை. அதே பக்கத்தை வீட்டு லேப்டாப்பில் திறந்தேன். மவுஸ் அம்பு தற்செயலாக அந்தச் சின்ன வட்டத்தின் மேலே போனது. உடனே ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது: படம் 20 கேபிக்கு மேலும் 50 கேபிக்குள்ளும் இருக்க வேண்டும். அக்காவின் போனில் இருந்த போட்டோ 3 எம்பி! அளவைக் குறைத்து ஏற்றினோம், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அந்த வாக்கியம் தொடக்கத்திலிருந்தே அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் மவுஸ் வைத்திருப்பவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி இருந்தது.

மவுஸைச் சொடுக்காமல், அம்பை ஒன்றின் மேலே கொண்டுபோய் வைப்பதற்கு 'ஹோவர்' என்று பெயர். அப்போது எட்டிப் பார்க்கும் சின்னப் பெட்டி 'டூல்டிப்'. இவை எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால், போனில் எங்கே குறிப்பு ஒளிந்திருக்கும், அதை எப்படி வெளியே கொண்டுவருவது என்பது தானாகவே பிடிபடும். வீட்டில் பைத்தான் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாகூரிலிருந்து தரங்கம்பாடிக்கு பஸ்ஸில் போகிறீர்கள். வாஞ்சூர் வந்ததும் தமிழ்நாடு முடிந்து காரைக்கால் தொடங்குகிறது. திருமலைராயன்பட்டினம், காரைக்கால், கோட்டுச்சேரி தாண்டி, பூவத்தில் காரைக்கால் முடிந்து மறுபடியும் தமிழ்நாடு. நீங்கள் எங்கேயும் இறங்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. ஆனாலும் இரண்டு விஷயங்கள் நடந்திருக்கின்றன: எல்லைக்குள் நுழைந்தது ஒன்று, எல்லையை விட்டு வெளியேறியது இன்னொன்று. இறங்கி ஒரு கடைக்குள் போயிருந்தால் அது வேறு கணக்கு.

கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு கட்டமும் இப்படி எல்லை போட்ட ஒரு சின்ன ஊர். மவுஸ் அம்புதான் பஸ். அம்பு எல்லைக்குள் வந்ததும் 'உள்ளே வந்தாச்சு' என்று ஒரு செய்தி புரோகிராமுக்குப் போகும். வெளியே போனதும் 'கிளம்பியாச்சு' என்று இன்னொன்று. இந்தச் செய்திகளைத்தான் 'ஈவென்ட்' என்கிறார்கள். இறங்குவதுதான் கிளிக். ஹோவர் என்பது இறங்காமல் ஊருக்குள் இருக்கிற நேரம்.

பைத்தானோடு சேர்ந்தே வருகிற டிகேஇன்டர் என்ற கருவியில் இந்த இரண்டுக்கும் 'என்டர்', 'லீவ்' என்றே பெயர். பட்டனை உருவாக்கிவிட்டு, 'பைண்ட்' என்ற கட்டளையால், என்டர் வந்தால் இந்த ஃபங்ஷனை ஓட்டு, லீவ் வந்தால் அந்த ஃபங்ஷனை ஓட்டு என்று கட்டிவிட வேண்டும். முதல் ஃபங்ஷன் பட்டனின் நிறத்தை மாற்றட்டும், இரண்டாவது பழைய நிறத்துக்குத் திருப்பட்டும். பத்து வரிக்குள் முடிந்துவிடும். கியூட்டி என்ற கருவியிலும் இதே கதைதான், அங்கே 'என்டர் ஈவென்ட்', 'லீவ் ஈவென்ட்' என்று இருக்கும். கியூட்டியில் எல்லோரும் ஒரு தடவை மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. அம்பு உள்ளே நகர்வதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டுமென்றால் 'மவுஸ் டிராக்கிங்' என்பதைத் தனியாக இயக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நகர்த்தும்போது மட்டும்தான் செய்தி வரும். 'புரோகிராம் சரியாத்தானே இருக்கு, ஏன் ஓடல?' என்று அரை நாள் முழிப்பார்கள்.

விண்டோஸ் அடியில் செய்வது இன்னும் வேடிக்கை. அம்பு நகர்ந்தால் அது சொல்லும், ஆனால் வெளியே போனதைத் தானாகச் சொல்லாது. 'இவன் கிளம்பும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்லு' என்று புரோகிராம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு தடவைக்குத்தான் செல்லுபடியாகும். அடுத்த தடவை அம்பு உள்ளே வரும்போது மறுபடியும் கேட்க வேண்டும். டிகேஇன்டர், கியூட்டி போன்ற கருவிகள் இந்த வேலையை நமக்காகச் செய்துகொடுக்கின்றன.

நிறம் மாற்றுவது எளிது. டூல்டிப் காட்டுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். அம்பு நுழைந்த கணமே பெட்டியைக் காட்டினால் என்ன ஆகும்? திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அம்பை இழுக்கும்போது, வழியில் இருக்கிற பத்து பட்டன்களும் பெட்டி பெட்டியாகத் துள்ளும். நிற்காமல் போகிற பஸ்ஸுக்கு ஊர்க்காரர்கள் எல்லோரும் ஓடிவந்து இளநீர் நீட்டுகிற மாதிரி. அதனால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். விண்டோஸில் 'ஹோவர்' என்று கணக்கு வைக்க அம்பு வழக்கமாக 400 மில்லிசெகண்ட் நிற்க வேண்டும். ஜாவா ஸ்விங்கில் டூல்டிப் வர 750 மில்லிசெகண்ட் ஆகும், வந்தபின் 4 செகண்டில் மறைந்துவிடும். டிகேஇன்டரில் இதை நாமே செய்ய வேண்டும்: என்டர் வந்ததும் 'ஆஃப்டர்' கட்டளையில் 500 என்று கொடுத்து அலாரம் வைக்கிற மாதிரி வைப்பது, அதற்குள் லீவ் வந்துவிட்டால் 'ஆஃப்டர் கேன்சல்' போட்டு அந்த அலாரத்தை நிறுத்துவது. ரத்து செய்ய மறந்தால், அம்பு போய் அரை செகண்டுக்குப் பிறகு ஆளில்லாத இடத்தில் பெட்டி வந்து நிற்கும்.

அடுத்தது மினுமினுப்பு. இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதல் தடவை நடக்கும். டூல்டிப்பை அம்பு இருக்கிற அதே இடத்தில் வரைந்துவிடுவீர்கள். இப்போது அம்புக்கு அடியில் இருப்பது பட்டன் இல்லை, டூல்டிப். ஆகவே பட்டனுக்கு 'லீவ்' போகும், டூல்டிப் மறையும். மறைந்ததும் அம்புக்கு அடியில் மறுபடியும் பட்டன், அதனால் 'என்டர்', டூல்டிப் வரும், உடனே லீவ். பழைய டியூப் லைட் மாதிரி பெட்டி அடித்துக்கொண்டே இருக்கும். தீர்வு சாதாரணமானது. அம்பு இருக்கிற இடத்திலிருந்து வலப்பக்கம் கொஞ்சமும் கீழே கொஞ்சமும் தள்ளி, பத்துப் பதினைந்து பிக்சல் இடைவெளி விட்டு வரைந்தால் போதும்.

இன்னொரு பொறி, ஊருக்குள் ஊர். காரைக்காலுக்குள் கோட்டுச்சேரி, நிரவி என்று கொம்யூன்கள் இருக்கிற மாதிரி, ஒரு சட்டத்துக்குள் பல பட்டன்கள் இருக்கும். அம்பு சட்டத்திலிருந்து உள்ளே இருக்கிற ஒரு பட்டனுக்குள் போனால், சட்டத்துக்கு 'லீவ்' வந்துவிடும். கோட்டுச்சேரிக்குள் போனவர் காரைக்கால் மாவட்டத்தை விட்டே போய்விட்டார் என்று கணக்கு எழுதுகிற மாதிரி. அதனால் லீவ் வந்ததும் அதை அப்படியே நம்பாமல், அம்பு இப்போது உண்மையில் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மங்கலான பட்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'சமர்ப்பி' பட்டன் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அழுத்த முடியவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் மனசு துடிக்கும். டிகேஇன்டரில் முடக்கிய பட்டனுக்கும் என்டர் செய்தி வரும், ஆகவே 'வருமான விவரம் இன்னும் நிரப்பவில்லை' என்று அங்கேயே சொல்லலாம். ஆனால் பிரவுசர்களில் முடக்கிய பட்டன் மவுஸ் செய்திகளை விழுங்கிவிடும் வழக்கம் உண்டு. காரணம் மிகவும் தேவைப்படுகிற இடத்தில்தான் பக்கம் வாயைத் திறக்காது.

இனி விரலுக்கு வருவோம். டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் மவுஸைப் பொதுவில் இயக்கிக் காட்டினார். ஆப்பிள் 1991-இல் தன் சிஸ்டம் 7-இல், அம்பை வைத்தால் பலூன் மாதிரி குறிப்பு வரும் வசதியைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றாலே பக்கத்தில் மவுஸ் இருந்தது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் செய்த படிவங்களைத்தான் நாம் இன்று மவுஸே இல்லாத போனில் திறக்கிறோம்.

விரல் பஸ்ஸில் வருவதில்லை. ஹெலிகாப்டரிலிருந்து நேராகக் கடைவீதியில் இறங்குகிற மாதிரி, பட்டனின் நடுவில் வந்து விழுகிறது. வாஞ்சூரும் இல்லை, பூவமும் இல்லை. தொடுவதற்கு முன்னால் உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று திரைக்குத் தெரியாது. தொட்ட பிறகு அது ஏற்கெனவே அழுத்தியாகிவிட்டது. நடுவில் 'சும்மா நின்று பார்க்கிற' நிலை என்று ஒன்று இல்லவே இல்லை.

பழைய பக்கங்கள் முழுதாக உடைந்துபோகக் கூடாது என்பதற்காக, போன் பிரவுசர்கள் ஒரு சமாளிப்பு செய்கின்றன. நீங்கள் தொட்டு விட்டதும், மவுஸ் வந்தது, அழுத்தியது, விட்டது என்று பொய்ச் செய்திகளை வரிசையாக அனுப்புகின்றன. இதனால் இரண்டு விளைவுகள். ஐபோனில் சில மெனுக்களை முதல் தடவை தொட்டால் அடியில் பட்டியல் விரியும், பக்கம் போகாது. இரண்டாவது தடவை தொட்டால்தான் போகும். நம் விரல் சரியாகப் படவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். இன்னொன்று, தொட்ட பட்டனின் ஹோவர் நிறம், வேறு எங்காவது தொடும் வரை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்தியது பதிவானதா இல்லையா என்று குழம்பி மறுபடியும் அழுத்துவோம். பணம் கட்டுகிற பக்கத்தில் மட்டும் தயவுசெய்து நிறத்தை நம்பி இரண்டாவது தடவை அழுத்தாதீர்கள். விண்ணப்ப எண்ணோ எஸ்எம்எஸ்ஸோ வந்ததா என்று பாருங்கள், வங்கிக் கணக்கில் பணம் கழிந்ததா என்று பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

சரி, கையில் போன் மட்டும்தான் இருக்கிறது, என்ன செய்யலாம்? முதலில் அந்த வட்டத்தை லேசாக ஒரு தடவை தொட்டு, இரண்டு செகண்ட் சும்மா இருங்கள். பொய்ச் செய்தியிலேயே குறிப்பு வெளியே வந்துவிடலாம். வராவிட்டால் கட்டத்துக்குள்ளேயே தொடுங்கள், எழுத்துப் பலகை மேலே வரட்டும். நல்லபடியாகச் செய்த படிவங்களில் கட்டத்துக்குள் நுழைந்தாலே குறிப்பும் தெரியும். எழுத்துப் பலகை குறிப்பை மறைத்திருக்கலாம், பக்கத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். ஆப்பாக இருந்தால் அழுத்திப் பிடியுங்கள். ஆண்ட்ராய்டு 8, அதாவது 2017-இல் இருந்து, ஐகானை அழுத்திப் பிடித்தால் அதன் பெயரைக் காட்டும் வசதி சிஸ்டத்திலேயே இருக்கிறது. ஆப் செய்தவர் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலரும் சொல்கிற 'டெஸ்க்டாப் சைட்' யோசனை இதற்கு உதவாது. அது பக்கத்தைக் கம்ப்யூட்டரில் தெரிகிற மாதிரி அகலமாகக் காட்டும், ஆனால் மவுஸைக் கொண்டுவராது. எழுத்து பொடியாகப் போவதுதான் மிச்சம்.

மவுஸையே கொண்டுவந்துவிடலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி இணைப்பு வழியாகச் சாதாரண யுஎஸ்பி மவுஸைச் சொருகினால், திரையில் அம்பு வரும். அம்பை வட்டத்தின் மேல் வைத்தால் குறிப்பும் வரும். சில போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் இயக்கிவிட வேண்டும். ப்ளூடூத் மவுஸும் சரிதான். கடைசி நாள் ராத்திரியில், லேப்டாப் இல்லாத வீட்டில், இது கை கொடுக்கும். அதற்கும் வழியில்லையா, பொது சேவை மையத்துக்குப் போங்கள். போகும்போது போட்டோவும் சான்றிதழ்களும் இருக்கிற போனை மறக்காமல் எடுத்துப் போங்கள். படிவத்தை அங்கே இருப்பவர் நிரப்பினாலும், கேள்விக்குறி இருக்கிற கட்டங்களில் மட்டும் அம்பை வைத்துக் காட்டச் சொல்லி நீங்களே ஒரு தடவை படித்துவிடுங்கள்.

படிவம் செய்கிறவர்களுக்கு விதி இல்லாமல் இல்லை. இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்பதற்கான உலக நெறிமுறையான டபிள்யூசிஏஜி, 2018-இல் வந்த தன் 2.1 பதிப்பில் ஹோவருக்கென்றே 1.4.13 என்ற விதியைச் சேர்த்தது. ஹோவரால் வந்த பெட்டியை அம்பை நகர்த்தாமலே மூட முடிய வேண்டும், அம்பை அந்தப் பெட்டியின் மேலேயே கொண்டுபோய்ப் படிக்க முடிய வேண்டும், பயனர் விலகும் வரை அது தானாக மறையக் கூடாது. நான்கு செகண்டில் மறைகிற பெட்டி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டிக்கு எதற்கு? இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் 2009-இலிருந்து இருக்கின்றன. 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பு டபிள்யூசிஏஜி 2.1-ஐ ஒட்டியே அமைந்தது. இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. ஆனாலும் என் கருத்தில் இதைவிட எளிய வழி ஒன்று உண்டு: 50 கேபி போன்ற நிபந்தனையை டூல்டிப்பில் வைக்கவே வேண்டாம். கட்டத்துக்கு அடியிலேயே சாதாரண எழுத்தில் எழுதிவிடலாம். அதற்கு எந்த ஈவென்ட்டும் தேவையில்லை.

பைத்தான் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. மேலே சொன்ன டிகேஇன்டர் டூல்டிப்பை முடித்ததும், என்டர், லீவ் இரண்டோடு 'ஃபோகஸ் இன்', 'ஃபோகஸ் அவுட்' இரண்டையும் அதே ஃபங்ஷன்களில் கட்டிப் பாருங்கள். மவுஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் அழுத்தி ஒவ்வொரு கட்டமாகப் போங்கள். குறிப்பு ஒவ்வொன்றாக வர வேண்டும். வந்தால், மவுஸ் பிடிக்க முடியாதவருக்கும் உங்கள் புரோகிராம் பேசும். குறிப்பைத் தமிழில் எழுதினால் நீளமாக வரும், ஆகவே 'ராப் லெங்த்' கொடுத்து வரியை மடக்கிவிடுங்கள்.

குறிப்பு போனில் தெரியவில்லை என்றால் பக்கத்தின் அடியில் இருக்கும் கருத்துப் பெட்டியிலோ உதவி எண்ணிலோ சொல்லுங்கள். 'உங்க சைட் வேலை செய்யல' என்று மட்டும் எழுதினால், அங்கே இருப்பவர் தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, 'நல்லாத்தானே இருக்கு' என்று மூடிவிடுவார். அவரிடம் மவுஸ் இருக்கிறதே! இப்படி எழுதுங்கள்: 'ஆண்ட்ராய்டு போனில், குரோம் பிரவுசரில் திறந்தேன். போட்டோ ஏற்றும் கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள குறிப்பு, மவுஸ் வைத்தால் மட்டும் தெரிகிறது, தொட்டால் தெரியவில்லை. கோப்பின் அளவைக் கட்டத்துக்கு அடியிலேயே எழுதவும்.' கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துவிடுங்கள். ஆதார் எண், போன் எண் தெரிகிற இடத்தை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.